எல்லைப்புறத்து எண்ணும் படமும்

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பூவார், பாறசாலைப் பக்கம் வீட்டில் தமிழ் பேசிவிட்டு மலையாளப் பள்ளிக்குள் நுழையும் குழந்தையின் நிலை என்ன? ‘ஒன்று’ அங்கே ‘ஒந்நு’, ‘மூன்று’ அங்கே ‘மூந்நு’. தன் பேச்சே பிழையோ என்று வாயடைத்து நிற்கும். ஆனால் ‘நாலு’ இரு மொழியிலும் நாலுதான். நம் தமிழாசிரியர் ‘ஐந்து’ என்று திருத்துவாரே, அந்த வீட்டு ‘அஞ்சு’ மலையாளத்தில் ஏட்டுச் சொல்!

இந்த உறவைச் சிறு குழந்தைக்குக் காட்டப் படப்புத்தகமே ஏற்றது. ஒரு வள்ளம், இரண்டு துடுப்பு, மூன்று மீன். அடியில் இரு மொழிச் சொற்களும். ‘இது நம்ம வள்ளம்!’ என்று விரல் வைத்து எண்ணும் பிள்ளைக்குக் கூச்சம் ஏது?

பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் உள்ள படக்கதைகளை எவரும் மொழிபெயர்த்து அச்சிடலாம். தோழர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் ஆளுக்கொன்று செய்வோமா?