நாசிக் ஒயினரியின் பின்வாசல் வழியாக

சத்தம் போடாமல் வாருங்கள், பின்கதவு திறந்திருக்கிறது! நாசிக், கங்காபூர் அணைக்குப் பக்கத்தில் ஒரு ஒயினரி. பிப்ரவரி மாதம், இன்னும் விடியவில்லை. சுற்றுலா வருபவர்கள் கிளாஸைச் சுழற்றிச் சுவைக்கும் அறை திறக்கப் பல மணி நேரம் இருக்கிறது. மேற்பார்வையாளர் எங்கள் செருப்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு கம்பூட்ஸை நீட்டுகிறார். தரை முழுக்கத் தண்ணீர், சாறு, பாம்பாய் நெளியும் ஹோஸ்கள்.

வெளியே கொடிகளுக்கு நடுவே டார்ச் வெளிச்சங்கள் நகர்கின்றன. அறுவடை! வெயில் ஏறிவிட்டால் பழம் சூடாகும், மணம் போகும், கூடையிலேயே புளிக்கத் தொடங்கும். அதனால்தான் இந்த அர்த்தராத்திரி அவசரம். ஒரு பழத்தை வாயில் போட்டேன். சின்னது, தோல் தடிப்பு, உள்ளே விதை. ஆனால் நாம் கடையில் வாங்கும் திராட்சையைவிட அப்படி ஒரு தித்திப்பு!

கூடைகள் வந்திறங்கும் மேஜையில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். சருகு, அழுகல், வண்டு எதுவும் அவர்கள் விரலுக்குத் தப்பாது. மராத்தியில் ஓயாத பேச்சு. ஒரு பாட்டி கையளவு இலையை அள்ளி எறிந்துவிட்டு ஏதோ சொல்ல, மேஜையே குலுங்கிச் சிரித்தது. “இதையும் சேர்த்துப் போட்டால் ஒயின் வராது, கஷாயம்தான் வரும்” என்றாராம்.

அடுத்து டேங்க் அறை. ஆளுயரத்தைத் தாண்டிய ஸ்டீல் தொட்டிகள், சுவர்களில் ஏசிக் குளிர். ஆனால் மேடையில் நிற்கும் இளைஞருக்கு வேர்த்து ஊற்றுகிறது. சிவப்பு ஒயின் புளிக்கும்போது தோலெல்லாம் மேலே மிதந்து கெட்டியாகிவிடும். அதைக் கழியால் திரும்பத் திரும்ப உள்ளே அமுக்க வேண்டும். எட்டிப் பார்க்கப் போனேன், பட்டென்று கையை நீட்டித் தடுத்தார். தொட்டிக்குள்ளிருந்து வருவது கரியமில வாயு, தலையைக் கவிழ்த்தால் மயக்கம் வரும். பிறகு ஷிராஸ் ரகத் திராட்சை ஒன்றை என் உள்ளங்கையில் பிழிந்து காட்டினார். கன்னங்கரேல் பழம், சாறோ கிட்டத்தட்ட நிறமே இல்லை! சிவப்பு அத்தனையும் தோலில் இருக்கிறது. அவர் விரல்களைப் பார்த்தாலே தெரியும், நகக்கண்வரை ஊதா.

ஆய்வகம் என்று சொல்லும் சின்ன அறையில் பாதி நிரம்பிய பாட்டில்கள், சாக்பீஸால் எழுதிய எண்கள், ஓரத்தில் மூடிவைத்த ஒரு டிபன் பாக்ஸ். உள்ளே நாசிக்கின் பேர்போன காரமான மிசல். “மதியம்வரை தொடமாட்டேன். காரம் பட்டால் நாக்கு வேலை செய்யாது” என்கிறார் ஒயின் தயாரிப்பவர். அறுவடை முடியும்வரை சொந்தத் தம்பி கல்யாணத்துக்கும் லீவு கிடையாதாம்.

அவரிடமிருந்து கறந்த யோசனைகள் எல்லாம் உங்களுக்குத்தான். ருசி பார்க்கக் காலையில், வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள். சென்ட் பூசாதீர்கள், அது ஒயினின் மணத்தைத் தின்றுவிடும். வெள்ளையில் தொடங்கிச் சிவப்புக்கு வாருங்கள். துப்புவதற்கென்றே மேஜையில் பாத்திரம் இருக்கும். தயங்காமல் துப்புங்கள், தொழில் செய்பவர்கள் எல்லோரும் துப்புகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு ஒயினரி போதும், வண்டி ஓட்டுபவர் குடிக்கவே கூடாது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இது: “டேங்கிலிருந்து கொஞ்சம் கிடைக்குமா?” என்று கேட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைத்தது! கலங்கலான, நுரை பொங்கும், பாதி சாறு பாதி ஒயின். எந்தக் கடையிலும் கிடைக்காது.

நாசிக்கின் சுலா ஒயினரி தன் முதல் ஒயினை 2000-இல் வெளியிட்டது, ருசி அறையை 2005-இல் திறந்தது. இன்று ஒயினரிகளுக்குப் போகும் சாலையில் வார இறுதியில் கார்கள் வரிசைகட்டுகின்றன. மழைக்காலத்தில் வருபவர்களுக்குப் பச்சைப் பசேல் காட்சி கிடைக்கும், பழம் கிடைக்காது. இங்கே அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரலில் கொடிகளைக் கவாத்து செய்துவிடுவார்கள். ஆகவே முன்பதிவுக்குப் போன் போடும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால், “அன்றைக்குப் பழம் இறங்குமா?” என்று கேளுங்கள்.