சிங்கப்பூரைக் கொடுத்தவர் தெங்கேராவில் உறங்குகிறார்

விடுமுறை நாள் என்றால் மலாக்கா ஜோங்கர் வீதியில் கால் வைக்க இடமிருக்காது. கோட்டை வாசலில் நின்று ஒரு படம், ஆற்றில் படகுச் சவாரி, ஒரு கிண்ணம் செண்டோல். அதோடு பல குடும்பங்கள் காரைத் திருப்பிவிடுகின்றன. அங்கிருந்து சற்றுத் தள்ளி, ஜாலான் தெங்கேராவில் 1728-இல் எழுந்த பழைய பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. அடுக்குக் கூரையும் பகோடா போன்ற மினாராவும் கொண்ட அந்தப் பள்ளிவாசல் வளாகத்தில்தான் ஜொகூர் சுல்தான் ஹுசேன் ஷா அடக்கமாகியிருக்கிறார்.

வானொலியில் கேள்வி கேட்பதே என் பிழைப்பு. சிங்கப்பூரை உருவாக்கியவர் யார் என்றால் பள்ளிப் பிள்ளையும் ராஃபிள்ஸ் என்று சொல்லிவிடும். அதைக் கொடுத்தவர் யார் என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். அதற்கான பதில் தெங்கேராவில் இருக்கிறது.

பறிபோன பட்டம்

1812-இல் ஜொகூர்-ரியாவ் சுல்தான் மஹ்முட் ஷா காலமானார். மறைந்த மன்னரை அடக்கம் செய்யுமுன் வாரிசை அறிவிப்பது மலாய் மரபு. மூத்த மகன் ஹுசேன் அப்போது பகாங்கில் இருந்தார். அரண்மனையில் செல்வாக்கு மிக்க பூகிஸ் தலைவர்கள் தம்பி அப்துல் ரஹ்மானைச் சுல்தானாக்கினார்கள். டச்சுக்காரர்களும் தம்பியையே ஏற்றார்கள். மூத்தவர் ஏழாண்டு காலம் பட்டமில்லாமல் காத்திருந்தார்.

1819 ஜனவரியில் சிங்கப்பூரில் இறங்கிய ராஃபிள்ஸுக்கு ஒரு சுல்தானின் கையெழுத்து தேவைப்பட்டது. ஹுசேனை ரியாவிலிருந்து அழைத்து வரச் செய்து, சுல்தான் என்று அறிவித்தார். பிப்ரவரி 6-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆங்கிலேயருக்கு வாணிபத் தளம் கிடைத்தது. சுல்தானுக்கு ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய டாலர், தெமெங்கோங்குக்கு 3,000.

சென்னைப் படை வீரர்

மறுநாளே ராஃபிள்ஸ் கப்பலேறிவிட்டார். ஊரை நடத்தும் பொறுப்பு வில்லியம் பர்குவார் தலையில் விழுந்தது. ஸ்காட்லாந்துக்காரரான இவர் 1791-இல், 17 வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். 1803 முதல் 1818 வரை மலாக்காவை நிர்வகித்தார். நன்றாக மலாய் பேசுவார். மக்கள் இவரை ‘ராஜா மலாக்கா’ என்றே அழைத்தார்கள்.

கம்பெனியின் உத்தரவுப்படி மலாக்காக் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தவரும் இவர்தான். நாம் படம் எடுக்கும் அந்த வாசல் அதில் தப்பியது. அந்தத் தகர்ப்பைச் சிறுவயதில் பார்த்துப் பின்னாளில் எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லா. அவருடைய குடும்ப வேர் நாகூர் வரை போகிறது.

புதிய ஊருக்கு வியாபாரிகள் வரட்டும் என்று மலாக்காவுக்குச் சொல்லியனுப்பினார் பர்குவார். பணத்தட்டுப்பாட்டைச் சமாளிக்கச் சூதாட்டத்துக்குக் கூட உரிமம் விற்றார். திரும்பி வந்த ராஃபிள்ஸுக்கு அது பிடிக்கவில்லை. 1823-இல் பர்குவாரின் பதவி பறிபோனது.

ஒரேயடியாக

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 2-இல் இரண்டாவது ஒப்பந்தம். அதுவரை வாணிபத் தளத்துக்கு இடம் மட்டுமே கொடுத்திருந்தார் சுல்தான். இம்முறை சிங்கப்பூரும் அதைச் சுற்றிப் பத்து மைல் வரையுள்ள தீவுகளும் கம்பெனிக்கே நிரந்தரமாகப் போயின. விலை: சுல்தானுக்கு 33,200 டாலரும் ஆயுள் முழுக்க மாதம் 1,300 டாலரும்.

1834-இல் ஹுசேன் மலாக்காவுக்குக் குடிபெயர்ந்தார். மறு ஆண்டே காலமானார். மகன் அலி 1855-இல் ஜொகூர் ஆட்சியைத் தெமெங்கோங் குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்தார். சுல்தான் என்ற பட்டமும் கெசாங் பகுதியும்தான் அவருக்கு மிஞ்சின. அவரும் மலாக்காவில், உம்பாயில்தான் அடக்கமாகியிருக்கிறார்.

பர்குவார் 1839-இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் இறந்தார். சிங்கப்பூரைத் தோற்றுவித்தவர் இவரே என்று அவருடைய கல்லறைக் கல் சொல்கிறது. ஆனால் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் சிலையாக நிற்பவர் ராஃபிள்ஸ்.

சிங்கப்பூரை அற்ப விலைக்கு விற்றவர் என்று ஹுசேனைச் சிலர் ஏளனமாகப் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அண்ணன் தம்பி சண்டைக்குள் இரண்டு ஐரோப்பிய வல்லரசுகள் புகுந்தன. ஒருவர் தம்பியைப் பிடித்துக்கொண்டார், மற்றவர் அண்ணனை. ஹுசேனுக்குப் பட்டம் கொடுத்த கைதான் பின்னர் ஊரையும் எழுதி வாங்கியது. வெளியாள் தயவில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொத்துத் தகராறுக்கு வெளியாளைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்ட குடும்பங்களுக்கு இது புதிய கதை அல்ல.

அடுத்த முறை மலாக்கா போகும்போது பிள்ளைகளைத் தெங்கேராவுக்கும் அழைத்துப் போங்கள். தொழுகை நேரம் தவிர்த்து, அடக்கமான உடையில் செல்லுங்கள். செண்டோலுக்கு வரிசையில் நிற்கும் நேரம்கூட ஆகாது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துபோகிற மனிதர் அங்கே இருக்கிறார்.