உஷார்! அடையில் இருக்கும் தேனுக்கு அட்வான்ஸ் வாங்காதீர்கள்

தை பிறந்துவிட்டது. குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் பழைய இலையைக் கொட்டிவிட்டுத் துளிர் விடுகின்றன. ரப்பர் இலையின் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் ஊறும் இனிப்பு நீர்தான் நம் தேனீக்களுக்கு இனி பங்குனி வரை அறுவடை. இதே நாட்களில்தான் போனும் வரத் தொடங்கும்: "எத்தனை பாட்டில் தருவீங்க?" தேனீ வளர்ப்பில் புதிதாக இறங்கியிருப்பவர்களே, அந்தக் கேள்விக்கு உடனே ஒரு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள்!

நான் சொன்னேன். என்னிடம் 10 பெட்டிகள் இருந்தன. பெட்டிக்கு 10 கிலோ வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு லிட்டர் பாட்டில் 100-க்கு முன்பணம் வாங்கினேன். கடைசியில் வந்தது 62 கிலோ. அது 44 பாட்டிலுக்குத்தான் கண்டது.

கிலோ வேறு, லிட்டர் வேறு

தேன் தண்ணீரைவிடக் கனமானது. ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ நிற்கும். நான் எதிர்பார்த்த 100 கிலோ முழுதாக வந்திருந்தாலும் 71 பாட்டிலுக்கு மேல் நிரம்பியிருக்காது. இந்தக் கணக்கு மறுபக்கமும் வெட்டும். ஒரு கிலோ விலையைச் சொல்லிவிட்டு ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தால், பாட்டிலுக்கு 400 கிராம் தேன் இலவசமாகப் போகிறது. அரை கிலோ தேனுக்கு 360 மில்லி கொள்ளும் பாட்டில் போதும். பாட்டில் கடைக்காரர் மில்லியில் பேசுவார், வாங்குபவர் கிலோவில் கேட்பார். நடுவில் ஏமாறுவது நாம்தான்.

பெட்டியை எண்ணாதீர்கள், சட்டத்தை எடை போடுங்கள்

இந்தியத் தேனீ எல்லாப் பெட்டியிலும் ஒரே அளவு தேன் வைக்காது. தேன் சேரும் மேல்பெட்டியில், அடை கட்டிய நடுச் சட்டங்கள் நிறைந்திருக்கும். ஓரச் சட்டங்கள் பாதியில் நிற்கும். பக்கத்துப் பெட்டி வெறுமையாகவே கிடக்கலாம். போன வருடக் கணக்கும் உதவாது. துளிர் விடும் நேரத்தில் சாம்பல் நோய் விழுந்து இளம் இலை கொட்டினாலோ, மழை பிடித்துக்கொண்டாலோ வரத்து சட்டென்று குறைந்துவிடும்.

முதல் தேன் எடுக்கும்போது வலுவான பெட்டி ஒன்று, நடுத்தரம் ஒன்று, மெலிந்தது ஒன்று என்று மூன்றைத் தேர்ந்தெடுங்கள். தேனோடு சட்டத்தைத் தராசில் வையுங்கள். தேன் எடுக்கும் கருவியில் சுற்றி எடுத்த பிறகு அதே சட்டத்தை மறுபடி வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் தேன். உதாரணமாக, சட்டத்துக்குச் சராசரியாக 300 கிராம் வந்து, எல்லாப் பெட்டியிலும் சேர்த்து நன்றாக மெழுகு மூடிய சட்டங்கள் 60 இருந்தால் 18 கிலோ. அதையும் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். வடிகட்டும் துணியிலும், சீவிய மெழுகிலும், நுரையிலும், பாத்திரத்தின் அடியிலும் ஒட்டிப் போவதற்கு நான் பத்தில் ஒரு பங்கு கழிக்கிறேன். மிஞ்சுவது 16 கிலோ சொச்சம், அதாவது அரை கிலோ பாட்டில் 32. 'அரை' என்று கேட்டு அரை லிட்டர் பாட்டிலை வாங்கி வந்திருந்தால் 23-லேயே தேன் தீர்ந்துவிடும்.

பற்றாக்குறை செய்ய வைக்கும் தப்பு

சொன்ன எண்ணிக்கை வராதபோது கை தானாக மூடாத அடைக்குப் போகும். என் கையும் போனது. அப்போது பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி எச்சரித்தார்: "தம்பி, சட்டத்தைக் கிடையா பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்கிப் பாரு. சொட்டு விழுந்தா அது இன்னும் தேன் ஆகல." உலுக்கினேன், சொட்டியது. இருந்தும் எடுத்தேன். மூன்று வாரத்தில் ஒரு பாட்டிலைத் திறந்தபோது புஸ்ஸென்று காற்று வந்தது. கழுத்துவரை நுரை, மூக்கில் புளிப்பு வாடை. அந்த வரிசையில் இருந்த அத்தனை பாட்டிலையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ரப்பர் தேனில் அது எளிதாகத் தாண்டும். சட்டத்தில் முக்கால் பங்காவது மெழுகு மூடியிருந்தால் மட்டும் எடுங்கள். ஈரம் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். ஈரத்தைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதற்கும் கணக்கு இருக்கிறது: 23 சதவீத ஈரமுள்ள 100 கிலோவை 20-க்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 4 கிலோ ஆவியாகிப் போகும்.

இன்னொரு தப்பு இதைவிடப் பெரியது. மேல்பெட்டி போதவில்லை என்று அடிப்பெட்டியில் கை வைப்பது. அங்கே இருப்பது குஞ்சும், அவற்றின் சாப்பாடும். ஆனி, ஆடி மழையில் வெளியே தீனி இல்லாதபோது கூட்டம் உயிர் பிழைப்பது அந்தத் தேனில்தான். அதையும் பிழிந்துவிட்டால் இந்தியத் தேனீ பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். அடுத்த தையில் வெறும் பெட்டிதான் நிற்கும். பாகு காய்ச்சிக் கலந்து எண்ணிக்கையைச் சரிக்கட்டும் எண்ணம் மட்டும் வரவே கூடாது. தேன் குழந்தைக்கு மருந்தோடு குழைத்துக் கொடுக்கும் பொருள்.

ஆகவே யாராவது போனில் கேட்டால், "எடுத்து, வடிகட்டி, எடை போட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். தேன் பாத்திரத்தில் இரண்டு நாள் தெளியட்டும். தராசு எண்ணைக் காட்டிய பிறகு பாட்டில் வாங்கக் கடைக்குப் போங்கள். அதுவரை யாருடைய பணமும் உங்கள் கையில் இருக்க வேண்டாம்.