பைபாஸ்: கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் நைட் ஷிப்டில் நெஞ்சு வலித்தால், ‘வாயு’ என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. அது ஆபத்து, உடனே 108-ஐ அழையுங்கள். இதய பைபாஸ் அறுவை வரை போனால், தெரிந்திருக்க வேண்டியவை இவை.

ஆஞ்சியோஸ்கோபி எதற்கு?

ஆஞ்சியோகிராம் காட்டுவது சாயம் ஓடும் பாதையின் எக்ஸ்ரே நிழலை. ஆஞ்சியோஸ்கோபியில் மெல்லிய கேமரா ரத்தக் குழாய்க்குள்ளேயே போய், உட்சுவரையும் ரத்தக் கட்டையும் நிறத்தோடு காட்டும். பைபாஸுக்காகக் காலிலிருந்து எடுத்த சிரையில் காயமோ கட்டோ இருக்கிறதா, தையல் சரியாக விழுந்ததா என்று பார்க்க உதவும். அப்படிப் பொருத்தும் சிரைகளில் ஏறக்குறையப் பாதி, பத்தாண்டுக்குள் அடைத்துக்கொள்கின்றன.

ரத்தம் மறைத்தால் கேமராவுக்கு எதுவும் தெரியாது. திரவம் பீய்ச்சி விலக்க வேண்டும். கருவி உரசி உட்சுவர் புண்படலாம். இது எல்லா பைபாஸிலும் செய்யும் சோதனை அல்ல. பில்லில் இருந்தால் காரணம் கேளுங்கள்.

சம்மதம்

ஆஞ்சியோவுக்குப் போட்ட கையெழுத்து பைபாஸுக்குச் செல்லாது. சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிர் காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை மட்டுமே விலக்கு. ஸ்டென்ட் போதாதா, மருந்து போதாதா, என்ன ஆபத்து, எவ்வளவு செலவு என்று கேட்பது நோயாளியின் உரிமை.

செலவு

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு; காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும்தான். ஒப்பந்ததாரர் பணம் கட்டாவிட்டால், வேலை வாங்கும் ஆலையே பொறுப்பு. தனியார் மருத்துவமனைக்குப் போகுமுன் இஎஸ்ஐ மருத்துவமனையில் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது.

தவறு நடந்தால்

முதலில் எழுத்து மூலம் மருத்துவப் பதிவேடுகளைக் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது விதி. ஆஞ்சியோ சிடி, அறுவைக் குறிப்பு, கையெழுத்திட்ட சம்மதப் படிவம் மூன்றும் அவசியம். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. இழப்பீடு வேண்டுமானால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு. ‘இஎஸ்ஐ இலவசம்தானே, வழக்குப் போட முடியாது’ என்பார்கள். நம்ப வேண்டாம். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பணத்தால் நடப்பது இஎஸ்ஐ. அதன் மருத்துவமனையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது கிஷோர் லால் வழக்கின் 2007 தீர்ப்பு.