படைமுகாமும் பள்ளிக்கூடமும்

போர்வீரனுக்கு வேண்டுவன உடல்வலியும் அஞ்சாமையுமே. எழுத்தறிவு எதற்கு என்று வினவுவோர் உளர். இவ்வினாவுக்கு, இரண்டு உலக மகாயுத்தங்களிலும் அமெரிக்க ஐக்கிய நாடு பெற்ற அனுபவம் தக்க விடை அளிக்கின்றது. செல்வமும் தொழில்வளமும் மலிந்த அந்நாட்டில், ஒரு கடிதத்தை எழுதவோ வாசிக்கவோ மாட்டாத இளைஞர் எத்துணைப் பேர் என்பதைத் தெளிவாக எடுத்துக் காட்டியவை படைமுகாம்களே.

1917ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் ஜேர்மனியுடன் போர் தொடங்கியபோது அந்நாட்டின் நிலையான தரைப்படையில் ஏறத்தாழ 127,000 பேரே இருந்தனர். அடுத்த மாதத்தில் கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டம் நிறைவேறிற்று. 32 பெரும் பயிற்சி முகாம்கள் விரைந்து எழுப்பப்பட்டன. வயலிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் இளைஞர் அங்கே வந்து குவிந்தனர். போர் முடிவதற்குள் படையிற் சேர்ந்தோர் தொகை 40 இலட்சத்தை எட்டியது.

இவர்களுள் எவரை எப்பணிக்கு அமர்த்துவது? இதனை அறிவதற்கு உளநூல் அறிஞரான றொபேட் யேர்க்ஸ் என்பாரின் தலைமையில் இரு பரீட்சைகள் வகுக்கப்பட்டன. வாசிக்கத் தெரிந்தோர்க்கு உரியது அல்பா எனப்பட்டது. எழுத்தறியாதோர்க்கும் ஆங்கிலம் அறியாதோர்க்கும் உரியது பீற்றா எனப்பட்டது. பீற்றாப் பரீட்சையை நடத்துவோர் பெரும்பாலும் வாய்பேசாது, கரும்பலகையைச் சுட்டிச் சைகைகளாலேயே செய்முறையை விளக்கினர். ஓர் உருவத்தில் குறைந்துள்ள உறுப்பை வரைந்து நிரப்புவது அதில் ஒரு பகுதி. வலையில்லாத ரெனிஸ் மைதானமும் உள்ளிழை இல்லாத மின்குமிழும் அங்கே படங்களாக வந்தன. ரெனிஸ் ஆட்டத்தைக் கண்டறியாத குடியானவன் மகன், முன்பின் பிடித்தறியாத பென்சிலைக் கையிலே பிடித்துக்கொண்டு, குறித்த சில நிமிடங்களுள் இவற்றை நிரப்பவேண்டியிருந்தது.

ஏறத்தாழ 17 இலட்சம் பேர் இவ்வாறு சோதிக்கப்பட்டனர். சோதிக்கப்பட்டோருள் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் செய்தித்தாளை வாசிக்கவும் வீட்டுக்குக் கடிதம் எழுதவும் இயலாதவர் எனக் கணக்கிடப்பட்டது. பிற நாடுகளிற் பிறந்து ஆங்கிலம் விளங்காதிருந்தோரும் பலர். இவர்கள்பொருட்டு ஜோர்ஜியா மாநிலத்துக் கோர்டன் முகாமில் 1918இல் ஒரு திட்டம் கையாளப்பட்டது. ஒரே மொழி பேசுவோரை ஓர் அணியாக்கி, அம்மொழி அறிந்த அதிகாரிகளின்கீழ்ப் பயிற்றி, உடன் ஆங்கிலமும் கற்பித்தனர். கட்டளை விளங்காமையால் மந்தர் எனப்பட்டவர்கள், தம் மொழியிற் சொல்லக் கேட்டதும் நல்ல வீரராயினர்.

எனினும் அப்பரீட்சைப் புள்ளிகளைச் சிலர் பிழைபடப் பொருள் கொண்டனர். கல்வி வாய்ப்பின் குறையைப் பிறவி அறிவின் குறையென்று கருதி, கறுப்பினத்தவரும் தென் ஐரோப்பா, கிழக்கு ஐரோப்பா ஆகிய பகுதிகளிலிருந்து குடியேறியோரும் இயல்பிலேயே மதி குறைந்தவர் என எழுதினர். 1923இல் இக்கருத்தை நூலாக வெளியிட்ட கார்ல் பிரிகம் என்பவரே 1930இல் தமது முடிவு ஆதாரமற்றது என ஒப்புக்கொண்டார். ஆயினும் இடையில், 1924இல், அப்பகுதியினரின் வருகையைக் கடுமையாக மட்டுப்படுத்தும் குடிவரவுச் சட்டம் நிறைவேறிவிட்டது. தவறான அளவுகோல் எத்துணைத் தீங்கு பயக்கும் என்பதற்கு இது சான்று.

இரண்டாம் உலக மகாயுத்தம் வந்தது. 1941இல் நான்காம் வகுப்பு அளவிலான எழுத்தறிவு இல்லாதோரைப் படையிற் சேர்ப்பதில்லை என விதிக்கப்பட்டது. இதனால் உடல்நலம் மிக்க இளைஞர் இலட்சக்கணக்கானோர் விலக்கப்பட்டனர். ஆட்பற்றாக்குறை மிகவே, விதி படிப்படியாகத் தளர்ந்தது. 1943ஆம் ஆண்டு யூன் மாதம் முதல் எழுத்தறியாதோரையும் ஏற்று, விசேட பயிற்சிப் பிரிவுகளில் அவர்களுக்குக் கல்வி புகட்டலாயினர். அதற்குரிய காலம் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு உட்பட்டதே. ஒருபால் அணிவகுப்பும் ஆயுதப் பயிற்சியும் நடக்க, மறுபால் வாசிப்பும் எழுத்தும் கணக்கும் நடந்தன.

இங்கே ஆசிரியவுலகு கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. வளர்ந்த ஆடவனிடம் குழந்தைகளின் பாலபோதினியைக் கொடுத்தால் அவன் நாணுவான். ஆதலால், பேராசிரியர் போல் விற்றி முதலியோரின் துணையுடன் படையினர்க்கென்றே பாடநூல் ஆக்கப்பட்டது. அதன் நாயகன் பீற் என்னும் கற்பனைச் சிப்பாய். அவன் முகாமுக்கு வருகிறான், உண்கிறான், உறங்குகிறான், சம்பளம் பெறுகிறான், வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான். மாணவன் காலையிற் செய்ததையே நூலில் வாசித்தான். தன் சம்பளத்தைக் கொண்டே கணக்குப் பயின்றான். பெயருக்குப் பதிலாகக் கீறலிட்டு வந்த கை, தன் பெயரைத் தானே எழுதிற்று. தாய்க்கோ மனைவிக்கோ கடிதம் எழுதப் பிறரை இரந்து நிற்கும் நிலையும் நீங்கிற்று.

பயன் என்ன? அப்பிரிவுகளுக்கு வந்த ஏறக்குறைய மூன்று இலட்சம் பேருள் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் தேறி, வழமையான படைப்பயிற்சிக்குச் சென்றனர். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஏறத்தாழ ஒத்த விகிதத்திலேயே தேறினர். முன்னைய போரிற் பிறவிக் குறை என்று பேசப்பட்டது, பின்னைய போரிற் சில வாரக் கற்பித்தலால் மறைந்தது. எனினும் ஒரே பாடத்தைப் பயின்ற இவ்விரு சாராரும் வெவ்வேறு அணிகளாகவே பிரித்து வைக்கப்பட்டிருந்தனர். படைகளில் இப்பிரிவினையை ஒழிக்கும் ஆணையை ஜனாதிபதி ற்றூமன் பிறப்பித்தது 1948இலே தான்.

இவ்வரலாற்றில் மகிழ்ச்சியும் உண்டு, வெட்கமும் உண்டு. மூன்று மாதத்துட் கொடுக்கக்கூடிய எழுத்தறிவை, அவ்விளைஞர் சிறுவராயிருந்த ஆண்டுகளில் அவர்களுக்கு எவரும் கொடுக்கவில்லை. துப்பாக்கி ஏந்த ஆள் தேவைப்பட்ட பின்னரே ஏட்டையும் அவர்கள் கையில் வைத்தார்கள். ஒருவன் அறியாதிருப்பதைக் கண்டவுடன், அவன் அறியமாட்டாதவன் என முடிவு கட்டுதல் எளிது. அவனுக்கு விளங்கும் மொழியில், அவன் வாழ்வோடு ஒட்டிய பொருளை, அவன் மதிப்புக் குன்றாதவாறு கற்பித்துப் பார்த்தலே அறிவுடையோர் கடன். அதற்கு ஒரு போர் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.