பந்தாடும் பிள்ளைகளும் கிட்டப்பார்வையும்

சங்கத்தின் ஏடுகளைப் பார்வையிடச் செல்லும் கூட்டுறவு ஆய்வாளன் கண்ணைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவக்கூடும். காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தில் சேலை இருப்பை எண்ணிக்கொண்டிருந்தபோது, எதிரேயிருந்த பள்ளித் திடலில் மாணவியர் கைப்பந்து ஆடுவதைக் கண்டேன். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி துள்ளியெழுந்து அடிப்பதில் மற்றவரை விஞ்சினாள். ஆனால் எதிர்ப்புறத்தார் போடும் முதற்பந்தை வாங்கத் தவறிக்கொண்டே இருந்தாள். பந்து வலையைத் தாண்டிய பின்னரே அவள் கால் நகர்ந்தது. அவள் தந்தை அச்சங்கத்தின் அங்கத்தினர். "வீட்டிலும் இப்படித்தான், ஐயா, எதிலும் கவனமில்லை. ஆட்டத்தை நிறுத்திவிடப் போகிறேன்" என்றார்.

பிறகு கண்ணைச் சோதித்தபோது இரு கண்களிலும் மைனஸ் 2 என்று தெரிந்தது. அதாவது, அரை மீட்டருக்கு அப்பாலுள்ள எதுவும் அவளுக்குத் தெளிவாகத் தெரியாது. கைப்பந்துத் திடலின் நீளமோ 18 மீட்டர். குழந்தை எவ்வளவுதான் கவனமாக இருந்தாலும் என் செய்வாள்?

கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் விழி அளவுக்கு மீறி நீண்டுவிடுவதால் நேர்வது. வளர்ந்தவரின் விழி முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுடையது. அது ஒரு மில்லிமீட்டர் மிகுந்தாலே பவர் இரண்டரை முதல் மூன்று வரை ஏறிவிடும். பிள்ளைகள் வளரும் பருவத்தில் விழியும் வளர்வதால், பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்டுதோறும் பவர் கூடுவதுண்டு. ஆகவே ஒருமுறை வாங்கிய கண்ணாடியை மூன்றாண்டு காலம் ஓட்டுவது சிக்கனமாகாது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதிப்பது அவசியம்.

தந்தை ஒரு தடை கூறினார்: "இப்போதே கண்ணாடி போட்டால் கண் அதற்கே பழகிப் பவர் ஏறிவிடுமே, ஐயா? பெண் பிள்ளை வேறு." இந்த அச்சம் தறிவீடுகளில் மட்டுமன்றிப் படித்தவர் வீடுகளிலும் இருக்கிறது. மலேசியாவில் பிள்ளைகள் சிலருக்கு வேண்டுமென்றே குறைந்த பவரில் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வின்படி, முழுப் பவர் அணிந்தவர்களைவிட அவர்களுக்கே கிட்டப்பார்வை சற்று விரைவாக வளர்ந்தது. வரனைப் பற்றிய கவலைக்கு என்னிடம் ஆய்வு எதுவும் இல்லை. நானும் கண்ணாடிக்காரன்தான் என்று மட்டும் சொன்னேன்.

ஆட்டத்தை நிறுத்துவதோ தலைகீழான வைத்தியம். சீனத்துக் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளைத் தேர்ந்து, ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டனர். மூன்றாண்டு முடிவில் அப்பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை கண்டவர் நூற்றுக்கு 30 பேர். மற்றப் பள்ளிகளில் 39 பேருக்கு மேல். 2015-இல் இம்முடிவு வெளியாயிற்று. பகல் வெளிச்சமே முக்கிய காரணம் எனக் கருதப்படுகிறது. குறை வந்துவிட்ட கண்ணுக்கு இதனால் கிட்டும் பயன் குறைவே. எனினும் தறிவீட்டின் மங்கலில் குனிந்து பாவு பிணைப்பதும், கைப்பேசியில் மூழ்குவதும் கண்ணுக்கு நன்மை செய்யமாட்டா. குடியானவர் பிள்ளைகள் இவ்வகையில் பேறுபெற்றவர்கள். அவர்களும் இப்போது கைப்பேசியோடு திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கண்ணாடி அணிந்தால் ஆட முடியாது என்பாருக்கு ஓர் உதாரணம்: 1988 ஜனவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் தம் முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியத் தீவினரின் 16 விக்கெட்டுகளை வீழ்த்திய நரேந்திர ஹிர்வானி கண்ணாடி அணிந்தவர்.

ஆனால் எந்தக் கண்ணாடியோடும் ஆடலாகாது. உடையும் சில்லு கண்ணையே பறித்துவிடும். பாலிகார்பனேட் என்னும் உறுதியான பிளாஸ்டிக் வில்லையும், தலையைச் சுற்றிப் பிடிக்கும் வாரும் வேண்டும். சடுகுடு, மல்யுத்தம் போன்றவற்றில் சட்டம் எதிராளியையும் காயப்படுத்தும். அங்கே மருத்துவர் யோசனைப்படி கான்டாக்ட் லென்ஸ் அணியலாம். சாயம் தோய்ந்த கையால் அதைத் தொடலாகாது. சோப்பிட்டுக் கழுவித் துடைத்த பின்னரே தொடவேண்டும். அதை அணிந்தபடி உறங்குவதும், கிணற்றிலோ குளத்திலோ நீந்துவதும் கண்ணுக்குப் பெருங்கேடு. பவர் வேகமாக ஏறுமாயின், அதை மட்டுப்படுத்த இரவில் இடும் மிகக்குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தும் உண்டு. அது மருத்துவர் கையில் இருக்கவேண்டிய மருந்து.

மைனஸ் 6-க்கு மேற்பட்டவர்களுக்கு விழித்திரை பிரியும் அபாயம் மிகுதி. பந்து கண்ணில் பட்ட பிறகோ, அடி ஏதும் படாமலேயோ மின்னல் வெட்டுவது போலவும், கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகுவது போலவும், ஓரத்தில் திரை விழுவது போலவும் தோன்றினால், அன்றைய தினமே கண் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். மறுநாள் சந்தை முடியட்டும் என்று இருக்கலாகாது.

1976 முதல் நடைபெறும் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்து இலவசக் கண்ணாடி வழங்க இடமுண்டு. ஆட்டத்துக்கேற்ற கண்ணாடிக்குக் கூடுதலாகச் செலவாகும். அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழு, விதிகள் இடந்தரும் அளவில் பொதுநல நிதியிலிருந்து உதவலாமா என்று என்னைக் கேட்டது; தீர்மானம் எழுதி முறைப்படி அனுப்புமாறு சொன்னேன்.

இவ்வாண்டு ஆய்வுக்குச் சென்றபோது செலவுச் சீட்டைப் பார்த்தேன். வில்லைக்கும் சட்டத்துக்கும் கணக்கு இருந்தது, வாருக்கு இல்லை. விசாரித்ததில், தந்தையே பருத்தி நூலை நான்கு புரியாக முறுக்கிப் பின்னித் தந்திருக்கிறார் என்று தெரிந்தது. திடலில் அந்தப் பெண் முதற்பந்தை வாங்கிக்கொண்டிருந்தாள்.