பழைய மடிக்கணினிக்குப் புதிய நுண்செயலி: தேவையும் எல்லையும்

முன்னுரை

விசைத்தறியின் ஓசையோடு விடியும் ஊர் சங்கரன்கோவில். இவ்வூர் நெசவாளர் இல்லம் ஒன்றிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், சில திங்களுக்கு முன் ஒரு மடிக்கணினியைக் கொணர்ந்து என்னிடம் காட்டினார். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவர்தம் தமக்கையார் பெற்றது அது. “ஐயா, இதைத் திறப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. உள்ளிருக்கும் செயலியை மாற்றினால் விரைவாகும் என்கிறார்கள். மாற்றலாமா?” என்று வினவினார். அதற்கெனக் கேட்கப்பட்ட தொகை அவ்வில்லத்தின் ஒரு வாரக் கூலி. அவ்வினாவுக்கான விடையே இக்கட்டுரை.

நுண்செயலியின் பணி

கணினிக்குள் நிகழும் கணக்கீடுகளையெல்லாம் செய்து முடிக்கும் சிறு சில்லே நுண்செயலி. 1971 இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. நாற்பது ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கை பல கோடியாகப் பெருகியது. எனினும் செயலி தனித்து இயங்குவதன்று. கணக்கிட வேண்டிய செய்திகளை வன்தட்டு எடுத்துத் தருதல் வேண்டும். நினைவகம் அவற்றைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்திருத்தல் வேண்டும்.

நம் ஊர்த் தறியையே எடுத்துக்கொள்வோம். நாடாவில் ஊடைத்தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும். அதற்காக மோட்டாரை மாற்றுவார் உளரோ? பழைய மடிக்கணினிகள் பலவற்றின் நிலையும் இதுவே.

நோய் யாது?

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து தேட வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. கணினிக்கும் அது பொருந்தும். விண்டோஸ் இயங்கும் கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி தயங்கும் வேளையில் அதனைக் காணுங்கள். விண்டோஸ் 10 இல் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றின் உழைப்பு அங்கு நூற்றுக்கு இத்தனை என்று தோன்றும். வட்டு நூறில் நின்று செயலி இருபதில் இருந்தால், செயலி சோம்பியிருக்கவில்லை. செய்தி வந்து சேராமல் காத்திருக்கிறது என்று பொருள். நினைவகம் நிரம்பி வழிந்தால், 2 ஜிபி போதவில்லை என்று பொருள். செயலியே நெடுநேரம் நூறில் நின்றால்தான் அதனை மாற்றுவது பற்றிச் சிந்திக்கலாம்.

மாற்றத்தக்கது எது?

செயலிகள் தாய்ப்பலகையில் இருவகையாய் அமையும். ஒன்று, சாக்கெட் எனப்படும் குழியில் பொருத்தப்படுவது. மற்றொன்று, ஈயம் வைத்துப் பலகையோடு பற்றவைக்கப்படுவது. முன்னதை இல்லத்திலேயே கழற்றி மாற்றலாம். பின்னதைத் தனிக்கருவியின்றி எடுத்தல் இயலாது. எடுக்க முயல்வது பலகைக்கே கேடாய் முடியலாம். இன்டெல் மடிக்கணினிச் செயலிகளில் 2013 இல் வந்த நான்காம் தலைமுறையோடு சாக்கெட் வகை முடிவுற்றது. அதற்கு முன்னரும் பெயரின் இறுதியில் ‘யு’ எழுத்துடையவை பற்றவைக்கப்பட்டவையே. சிபியு-இசட் என்னும் கட்டணமில்லா மென்பொருள், பொருத்தப்பட்ட முறையைப் பெரும்பாலும் காட்டிவிடும்.

சாக்கெட் இருந்தால் மட்டும் போதாது; தலைமுறையும் ஒத்திருத்தல் வேண்டும். முதல் தலைமுறைக்குரிய ஜி1 சாக்கெட்டும் இரண்டாம் தலைமுறைக்குரிய ஜி2 சாக்கெட்டும் தோற்றத்தில் ஒன்று போன்றவை. ஆயினும் ஒன்றற்குரியது மற்றொன்றில் இயங்காது. பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளும் புதிய செயலியை அறிந்திருத்தல் வேண்டும். வெப்பம் மற்றொரு தடை. 35 வாட் செயலிக்கென அமைந்த விசிறியோடு 45 வாட் செயலியை வைத்தால், சூடு மிகுந்து அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பயன் எவ்வளவு?

2.1 கிகாஹெர்ட்ஸ் வேகமுடைய ஐ3-2310எம் செயலியை எடுத்து, 2.5 இல் தொடங்கி 3.2 வரை உயரும் ஐ5-2520எம் செயலியை வைப்பதாகக் கொள்வோம். இரண்டும் 35 வாட். இரண்டற்கும் உள்ளகங்கள் இரண்டே. நிரல்களைத் தொகுத்தல், காணொளியை வடிவமாற்றுதல் போன்ற பணிகளில் பயன் தெரியும். கட்டுரை தட்டச்சிடுவோருக்கு வேறுபாடு மிகச் சிறிதே. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும் இன்டெல் செயலிகள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிற்பட்டவையுமே. எனவே பழைய சாக்கெட்டில் எதை வைத்தாலும் அவ்வாயில் திறவாது. லினக்ஸ் வழி என்றும் திறந்தே உள்ளது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அவற்றுள் ஒன்று.

மாற்றும் முறை

ஆராய்ந்தபின் மாற்றத் துணிவோர், முதலில் கோப்புகளைப் படியெடுத்து வைத்தல் வேண்டும். மின்னிணைப்பையும் மின்கலத்தையும் நீக்கிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். வெப்பக்குழாயையும் விசிறியையும் அகற்றிப் பழைய பசையைத் துடைக்க வேண்டும். சாக்கெட்டின் திருகைச் சிறிது திருப்பினால் செயலி தளரும். மூலையிலுள்ள முக்கோணக் குறி பொருந்துமாறு புதியதை வைத்தல் வேண்டும்; அழுத்தலாகாது, ஊசிகள் வளைந்துவிடும். பின்னர் வெப்பப்பசையை மெல்லிதாய் இட்டு மூட வேண்டும்.

முடிவுரை

அம்மாணவரின் கணினியை இருவருமாய் ஆராய்ந்தோம். செயலி பற்றவைக்கப்பட்டிருந்தது, மாற்ற வழியே இல்லை. மாற்ற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நூறில் நின்றது வட்டு. சுழலும் வன்தட்டுக்கு மாற்றாக அசையும் உறுப்பற்ற எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, நினைவகத்தையும் கூட்டினோம். கேட்கப்பட்ட தொகைக்குள்ளேயே அனைத்தும் முடிந்தன. பழைய வன்தட்டு, தமக்கையாரின் ஒளிப்படங்களோடு பேழையில் பாதுகாப்பாய் இருக்கிறது. இப்போது அம்மடிக்கணினியில் அவர் தம் பருவக் கட்டுரைகளைத் தமிழில் தட்டச்சிடுகிறார்.

மாணவச் செல்வங்களே, விலை கொடுக்குமுன் வினவுங்கள், வினவுமுன் ஆராயுங்கள். உழைத்துச் சேர்த்த பொருளைக் காக்கும் அறிவே கல்வியின் முதற்பயன்.